தீர்ப்பில் இல்லாத இன்ஜின்

'கார் மனைவிக்கு' என்று எழுதினார் நீதிபதி.
இன்ஜினைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை அதில்.
அன்றிரவே அதேமார்
ஆள் வைத்து இறக்கிக்கொண்டு போய்விட்டான்.
காலையில் பானெட்டைத் தூக்கினேன்.
அறுந்த குழாய், தொங்கும் வயர்,
நடுவில் தரை தெரிந்தது,
தரையில் ஒரு கோழி.

எங்கள் ஊரின் பெயர் முப்பத்து மூன்று.
உருகுவேயில் எண்ணையே பெயராய்ச் சூடிய ஊர்,
பங்கு பிரிக்கும்போது மட்டும்
யாருக்கும் கணக்கு நேராய் வராது.

எழுபத்தொன்பதாம் வருடத்து பெஜோ, டீசல்.
கதவடியில் துரு தின்ற ஓட்டைக்குள்
என் மகள் இலியானாவின் கை மணிக்கட்டுவரை போகும்.
சுரண்டச் சுரண்டக்
கார் குறைந்துகொண்டே வந்தது.
ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன்.
மிச்சத்தையாவது கார் என்று நம்ப வேண்டுமே.

பக்கத்து வீட்டு வாஷிங்டன் வெல்டிங் வைத்தான்.
இங்கே வாஷிங்டன் என்றால்
பஞ்சர் ஒட்டுகிறவன்.
பாதிக் கூலி பணமாய்,
மீதி வாரத்துக்கு ஒரு டஜன் முட்டையாய்.

இன்ஜின் கிடைத்தது மெலோவில்,
வாய்க்காலில் கவிழ்ந்த ரொட்டி வேனிலிருந்து.
ஏர் ஃபில்டரைத் திறந்தால் மாவு,
எண்ணெய் விட்டுப் பிசைந்தது போல்.
'இதை முதலில் சுட்டுப் பார்க்கலாமா?'
என்றாள் இலியானா.

ஜூலை. விரல் மரத்துப்போகும் குளிர்.
இன்ஜெக்டர் நான்கும் சமையல் மேஜையில்.
ஒரு மாதம் சூப்பில் டீசல் மணந்தது,
தலையணையில், ரொட்டியில்,
பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில்கூட.

யூகலிப்டஸ் உத்தரத்தில் சங்கிலி கட்டி
ஏற்றினோம், இறக்கினோம்.
தாங்கி ஒரு விரற்கடை தள்ளி நின்றது.
புதிதாய் வெட்டி வரும்வரை மூன்று நாள்
இன்ஜின் அந்தரத்தில் தொங்கியது,
பக்கத்துக் கொடியில் காயாத என் போர்வை.
இரவில் காற்றடித்தால் சங்கிலி முனகும்.
எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
இருக்கும்.

கிளட்ச் தட்டை மையம் பிடிக்கும் கருவியை
கடையில் விசாரித்தேன். விலை கேட்டுத் திரும்பினேன்.
துடைப்பக்கட்டையில் டேப் சுற்றி நானே செய்தேன்.
ஐந்தாம் முறை
கியர்பாக்ஸின் தண்டு வழுக்கி உள்ளே போய்
'க்ளக்' என்றது.
பதினாறு வருடத் திருமணத்தில்
எதுவும் எதிலும் அப்படிப் பொருந்தி
நான் கேட்டதில்லை.

டீசலுக்குக் காற்று ஆகாது.
ஒரேயொரு குமிழி போதும், முறைத்துக்கொள்ளும்.
நட்டைத் தளர்த்து, கையால் பம்ப் அடி,
நுரை.
அடி. நுரை.
அடி, அடி, திட்டிக்கொண்டே அடி,
கடைசியில் விரலிடுக்கில் கண்ணாடிபோல்
தெளிந்த ஒரு கோடு.

சாவியைத் திருப்பினால் ஆரஞ்சு விளக்கு.
இருபது எண்ண வேண்டும்.
பதினெட்டில் இலியானா மூச்சை அடக்கிக்கொண்டாள்.
முதல் தடவை வெறும் இருமல்.
அடுத்து ஒரு சிலிண்டர், தயங்கி இன்னொன்று,
வெள்ளைப் புகையில் கோழிகள் சிதறின,
வாஷிங்டன் வாயசைப்பது மட்டும் தெரிந்தது,
நான்கும் சேர்ந்துகொண்டன.
ரொட்டி வாசம் வந்தது என்று
இன்றுவரை சத்தியம் செய்கிறாள் மகள்.
எனக்கு வந்தது டீசல் நாற்றம்தான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு
ஆற்றோரச் சாலையில் தனியாய் ஓட்டிப்போனேன்.
இரு பக்கமும் நெல் வயல், முழங்கால் பச்சை.
வளைவில் ஒரு சத்தம்.
வண்டியை ஓரங்கட்டி அணைத்தேன்.

தண்ணீர் இறைக்கும் பம்பு.
மூன்றாவது சிலிண்டரில் அந்த மெல்லிய தட்டல்.
பதினோரு வருடம் அந்தத் தட்டலோடுதான்
காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்,
கோர்ட்டுக்கும்.
அதேமார் முதுகைக் காட்டி நிற்கிறான்,
மடை வெட்டிக்கொண்டு.
நன்றாய்த்தான் இறைக்கிறது.
வால்வு இடைவெளியை மட்டும் ஒருமுறை பார்க்கவேண்டும்.
போய்ச் சொல்லலாமா?

சாவியைத் திருப்பினேன்.
சூடான இன்ஜினுக்கு எண்ண வேண்டியதில்லை.
இருபதுவரை எண்ணினேன்.